பத்துக்கு எவ்வளவு

“ரெண்டுன்னு சொல்லு, போதும். அதுக்கு மேல ஒரு வார்த்தை—”

“பத்துக்கு எட்டு பயத்த வயித்துல வச்சுக்கிட்டு ரெண்டுன்னு எப்படிம்மா—”

“வயித்துல இருக்கறத யாரு கேட்டா? நீ சொல்றதத்தானே அவ எழுதிக்கப் போறா!”

“வயித்துல இருக்கறதக் கேக்கத்தானே அவ இருக்கா!”

கிளெனிஸ் காலை உணவு டப்பாக்கள் இரண்டை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்தாள். கேமரா மகளின் முகத்துக்கு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ஐந்து மணிக்கு மெல்பர்னிலிருந்து ஃபிலிப்பா திரையில் வந்துவிடுவாள். இன்று ஏழாவது புதன்கிழமை.

“ஃபிலிப்பாவாம். பின்னால ரெண்டு தொட்டிச் செடிய வச்சுக்கிட்டு, நாலு மணி நேரத் தூரத்துல உக்காந்துக்கிட்டு, உன் முட்டியப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?”

“முட்டியப் பத்தி அவ பேசறதே இல்ல. அதுக்கு பிசியோ இருக்கார்.”

“அந்த மனுஷன்தான் முட்டி கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரே! ஒத்தக் கால்ல குதிச்சுக் காட்டினியா இல்லியா?”

“அவர் ரூம்ல குதிச்சேன். தரையில மெத்தை போட்டிருந்தார். கையைப் பிடிச்சுக்க ஆள் நின்னாங்க.”

போன செப்டம்பரில், வலைப்பந்து அரையிறுதி ஆட்டத்தில், உயரப் பந்தைப் பறித்துக்கொண்டு இறங்கிய மகள் டீகனின் இடது முட்டியில் தசைநார் அறுந்தது. அறுந்த சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. பெஞ்சில் இருந்தவள் கிளெனிஸ். அந்த அணியின் கோச். அக்டோபரில் அறுவை சிகிச்சை. தொடையிலிருந்து நார் எடுத்து முட்டியில் கட்டினார்கள். பத்து மாதத்தில் கால் தேறிவிட்டது. ஆனால் பின்வாசலின் இரண்டே படிகளை டீகன் இன்னமும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறாள். அதனால்தான் மனநல ஆலோசகர் ஃபிலிப்பா. மறுபடி அறுந்துவிடுமோ என்கிற பயம் பத்துக்கு மூன்றைத் தாண்டாமல் இருந்தால்தான், ஆடலாம் என்று கடிதம் கொடுப்பாள்.

“இந்தச் சனிக்கிழமை நீ இறங்கலன்னா அவ்வளவுதான்டி. சீசன்ல மூணு ஆட்டம் கணக்குல இல்லாதவள பைனல்ஸ்ல உள்ள விடமாட்டாங்க. போன வாரம் ஒண்ணு ஆச்சு. மிச்சம் ரெண்டே வாரம்.”

“போன வாரம் நடந்ததுக்குப் பேரு ஆட்டமா? ரெண்டு நிமிஷம்!”

“ரெண்டு நிமிஷம் நின்னாலும் ஆட்டம்தான். எந்த கிளப்புல செய்யல?”

உண்மைதான். அந்த வட்டாரத்தில் காயம்பட்டவளை நல்ல நாள் பார்த்துக் கடைசி நிமிஷத்தில் இறக்கி, பேரைப் பதியவைத்து, பைனல்ஸுக்குச் சேமித்து வைப்பது வழக்கம். ஆனால் கடிதம் வருவதற்கு முன்னாலேயே யாரும் இறக்க மாட்டார்கள். கிளெனிஸ் இறக்கினாள். அது பிசியோவுக்கும் தெரியாது, ஃபிலிப்பாவுக்கும் தெரியாது.

திரை ஒளிர்ந்தது. கிளெனிஸ் சட்டென்று லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் போய் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றாள்.

“வணக்கம் டீகன். அங்க மழையா?”

“கொட்டுது. நாளைக்கு பிராக்டீஸ்ல கோர்ட்டு வழுக்கும்.”

“மொதல்ல வழுக்கறதுதான் ஞாபகம் வருது, இல்லியா?”

டீகன் சிரிக்கப் பார்த்தாள். மேசைக்கு அடியில் இடது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“கண்ண மூடி, குதிச்சு இறங்கறத நெனச்சுப் பாக்கச் சொன்னேனே. செஞ்சீங்களா?”

“குதிக்கற வரைக்கும் வருது. இறங்கறது வரமாட்டேங்குது. மேலேயே நிக்கறேன்.”

கிளெனிஸ் வேகமாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம், அதைச் சொல்லாதே.

“சரி. இந்தச் சனிக்கிழமை கோர்ட்டுல இறங்கறீங்கன்னு வச்சுக்குங்க. பயம் பத்துக்கு எவ்வளவு?”

ஃபிரிட்ஜ் பக்கம் இரண்டு விரல் உயர்ந்தது. ஒன்பது வயதிலிருந்து டீகன் அந்த விரல்களைப் பார்த்துத்தான் ஆடுகிறாள். ஒரு விரல் என்றால் முன்னே போ. இரண்டு என்றால் பின்னுக்கு வா. முஷ்டி என்றால் விடாதே. இதுவரை ஒரு தடவையும் மீறியதில்லை.

“ரெ...”

“டீகன், நான் கேள்வி கேக்கறப்பல்லாம் உங்க கண்ணு எனக்கு மேல தாண்டிப் போகுது. அங்க யாரு இருக்காங்க?”

டீகன் கண்ணைத் திரைக்கு இறக்கினாள்.

“கோச்,” என்றாள் டீகன். “ரெண்டுன்னு காட்டறாங்க. எனக்கு எட்டு.”

“டீகன்!”

“போன சனிக்கிழமை என்னை இறக்கிட்டாங்க, ஃபிலிப்பா. உங்ககிட்ட சொல்லல. பந்து நேரா தலைக்கு மேல வந்துது. நான் குதிக்கவே இல்ல, மரம் மாதிரி நின்னேன். ரெண்டு பொண்ணுங்க என் மேல வந்து மோதினாங்க.”

“இந்த வாரம் கடிதம் கிடையாது,” என்றாள் ஃபிலிப்பா, நிதானமாக. “அடுத்த வாரமும் தர முடியும்னு தோணல.”

டீகனின் கால் ஆடுவது நின்றது.

கிளெனிஸ் ஒரே எட்டில் மேசையைச் சுற்றி வந்து திரைக்கு முன் குனிந்தாள். “இத பாருங்கம்மா, ஒண்ணும் ஆகல! கீழ விழுந்தாளா? நொண்டினாளா? நான் அங்கதானே இருந்தேன், நான் பாக்காததா?”

“நீ பாக்கல,” என்றாள் டீகன்.

“என்னது?”

“நான் உள்ள போனதும் நீ திரும்பிக்கிட்ட. தண்ணி பாட்டில அடுக்கிக்கிட்டிருந்த. ஆறு பாட்டில், ரெண்டு நிமிஷமா அடுக்கின. விசில் ஊதினப்புறம் யாரு ஜெயிச்சாங்கன்னு என்கிட்ட வந்து கேட்ட. அம்மா, நீதான் கோச்.”

கிளெனிஸ் ஒரு கையால் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறு கையின் அந்த இரண்டு விரலும் இன்னும் நீட்டியபடியே இருந்தன. அதை அவளே அப்போதுதான் கவனித்து, மடக்கிக்கொண்டாள்.

“கிளெனிஸ்,” என்றாள் திரையில் இருந்தவள், “டீகன் கோர்ட்டுக்குள்ள கால வைக்கிறப்ப, உங்களுக்குப் பயம் பத்துக்கு எவ்வளவு?”