மூன்றாவது ஜன்னல்

இத்தாலியின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஆண்கள் கழிப்பறைக்கு வரிசையே கிடையாது. பெண்களுடையதோ கடைவாசல் வரை நீளும். அந்த வரிசையின் வாலில் நின்றபடிதான் என் வீட்டுக்காரர் கோர்டனின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"நேரா நம்ம பஸ்ஸுக்குப் போ. வெள்ளை பஸ். டிரைவருக்குப் பின்னாடி மூணாவது ஜன்னல். எங்க, சொல்லு பார்ப்போம்?"

"மூணாவது ஜன்னல். நான் என்ன சின்னப் பிள்ளையா, தெல்மா?"

முறைத்துவிட்டுப் போனார். நடையில் ஒரு குறை சொல்ல முடியாது. எழுபத்தாறு வயதுக்கு ஆள் ஜோராக இருப்பார். வானிலையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நாலு வார்த்தை சரியாகப் பதில் சொல்வார். ஐந்தாவது வார்த்தைக்குள் நான் நடுவில் புகுந்துவிடுவேன். ஊரில் இரண்டு வருடமாக நான் செய்துவரும் வேலை இதுதான்.

இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லியிலிருந்து கிளம்பும்போதே மகள் ஜில் சொல்லிவிட்டாள், ஏதாவது ஒன்று ஆனால் இதுதான் கடைசிப் பயணம் என்று. ஏரிக்கரை ஓட்டலில் வந்திறங்கிய அன்று மாலை, வரவேற்பு பானத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எங்களை அழைத்துப்போகும் லொரெதானாவும் பயமுறுத்தினாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும், நடுவில் தெரியவந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பும்படி ஆகிவிடும் என்றாள். நான் கோப்பையில் மிதந்த ஆரஞ்சுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெரோனாவில் அவர் ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டபோது வேடிக்கை பேசுவதுபோலச் சத்தமாகச் சிரித்துச் சமாளித்தேன். இரவுச் சாப்பாட்டில் என்ன வேண்டும் என்று அவருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன். அதிகாரம் பிடித்த பெண்டாட்டி என்று பெயர் வாங்கினேன். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது அந்த இருக்கைச் சுற்றுதான். முன் ஜன்னல் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தினமும் காலையில் ஆளுக்கு இரண்டு வரிசை நகரவேண்டும். யாராவது ஏமாற்றுகிறார்களா என்று கண்காணிக்கப் பெரில் என்றொருத்தி தானாகவே பதவியேற்றிருந்தாள். பழைய இடம் மனசில் பதிவதற்குள் கோர்டனுக்குப் புது இடம் வந்துவிடும். தினமும் காலையில் பாடம் நடத்துவேன். அன்றைய பாடம், மூன்றாவது ஜன்னல்.

நான் பேருந்தில் ஏறியபோது லொரெதானா எண்ணி முடித்திருந்தாள். "நீங்கதான் பாக்கி. எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்!" கதவு மூடியது. பேருந்து நகர்ந்தது. அப்பாடா என்று மூன்றாவது வரிசைக்குப் போனேன். அங்கே, மணல்நிறக் கோட்டும் தொப்பியுமாக, முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தார்.

வெட்கக்கேடு, அப்போதுகூட முதலில் தோன்றியது லொரெதானாவின் காதில் மட்டும் போய்ச் சொல்லலாமா என்பதுதான். ஜன்னலுக்கு வெளியே ஓய்விடம் பின்னால் நகரத் தொடங்கியதும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"நிறுத்துங்க! இவரு என் வீட்டுக்காரர் இல்ல!"

பேருந்தே வெடித்துச் சிரித்தது. "விட்டுடாத தெல்மா, இவரு இன்னும் லட்சணமா இருக்காரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அய்யோ, சிரிக்காதீங்க. கோர்டனுக்கு ஞாபகம் நிக்கறதில்ல. ரெண்டு வருஷமா. எங்க போறோம்னுகூட அவருக்குத் தெரியாது."

சிரிப்பு நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

நான் அந்தக் கிழவரின் கையைப் பிடித்து இறக்கினேன். மறுபேச்சில்லாமல் வந்தார். எங்கள் பேருந்து நின்றிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு வெள்ளைப் பேருந்து. அதிலிருந்து உயரமான ஒரு பெண்மணி இறங்கிவந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையில் பாலாடைக்கட்டித் துண்டுடன், கோர்டன். அதைத் தின்றுகொண்டே வந்தார்.

"இது உங்களோடதா?" என்று திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கேட்டாள். ஹாலந்துக்காரி. பெயர் வில்லெமின்.

"ஆமா. இது உங்களோடதா?"

"ஹெங்க். எங்க பஸ்ல அவருக்கு எப்பவும் மூணாவது ஜன்னல்தான்." என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"எனக்கு மூணு. கூட வந்தவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இப்பத்தான். கத்தியே சொல்லிட்டேன்."

"நான் இன்னும் சொல்லல." திரும்பிப் பார்த்தாள். அவள் பேருந்தின் ஜன்னல்களில் முகம் முகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "சரி, அந்த வேலையும் முடிஞ்சுது" என்றாள். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம், பிறகு அழுதோம், பிறகு அவரவர் ஆளை மாற்றிக்கொண்டோம். எனக்கு இரண்டு வருடப் பாரம் அந்தத் தார்த்தரையில் இறங்கியது.

மறுபடி ஏறும்போது பெட்டி கட்டச் சொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தேன். லொரெதானா என் தோளைப் பிடித்தாள். "ஏம்மா முதல்லயே சொல்லல? இனிமே எண்ணும்போது தலையை மட்டும் எண்ணமாட்டேன், முகத்தையும் பார்ப்பேன். உங்க ரெண்டு பேருக்கும் இந்த இடம்தான், கடைசிவரைக்கும்."

"அப்போ சுத்து கெட்டுப்போகுமே!" என்றாள் பெரில். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "என்ன பார்க்கறீங்க? அவங்களைத் தாண்டி நகர்ந்தா ஆச்சு. நான் பார்த்துக்கறேன். நீ நிம்மதியா கழிப்பறைக்குப் போ தெல்மா, இவரை ஏத்தி உக்கார வைக்கறது என் பொறுப்பு." அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நல்ல பாலாடைக்கட்டி" என்றார் கோர்டன். "அந்த வீட்டுக்காரி ரொம்ப தங்கமானவ."

"இன்னொருத்தி வீட்டுக்குப் போனா இப்படித்தான் சொல்லுவே" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று.

மலைகள் தொடங்கும் இடத்தில் அந்த வெள்ளைப் பேருந்து எங்களைத் தாண்ட வந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலோடு ஜன்னலாக ஓடியது. வில்லெமின் தன் கணவரின் கையைத் தூக்கிப் பிடித்து எங்களைப் பார்த்து ஆட்டினாள். பதிலுக்கு ஆட்டுவதற்காக நானும் கோர்டனின் கையைப் பிடிக்கப் போனேன். அது ஏற்கனவே கண்ணாடிக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்தது.