அசுந்தாவின் அளவு

1964 மார்ச்சில், சான் பிரான்சிஸ்கோவின் குன்றின்மேல் இருந்த ஒரு மருத்துவமனையில், அசுந்தா பெல்லாந்திக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது அவளுடைய இடப்பாதி மட்டும் மயங்கியது. வலப்பாதி விழித்திருந்து, நண்டு விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக, கத்தி பட்டது இடப்பக்கம்.

மயக்க மருத்துவர் ஹார்லன் வைகாண்ட் அளவுமானியைப் பார்த்தார். அவள் சுவாசத்தில் ஹாலோதேன் என்ற மயக்க வாயு நூற்றுக்கு முக்கால் பங்கு இருந்தது. கத்தி பட்டும் நோயாளிகளில் சரிபாதிப் பேர் அசையாமல் கிடக்க ஒவ்வொரு மயக்க வாயுவும் எவ்வளவு தேவை என்றுதான் அவர் மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கு நூறு பேர் வேண்டியிருந்தது. இங்கே சரிபாதி மயங்கிய ஒருத்தியே போதும்போலிருந்தது.

கொலம்பஸ் தெருவில் ரொட்டிக் கடை வைத்திருந்த அசுந்தா, அதன்பின் புதன்கிழமைதோறும் தானாகவே வந்தாள். இடப்பாதி மயங்க ஈதர் நூற்றுக்கு இரண்டு பங்கு வேண்டியிருந்தது, சைக்ளோபுரொப்பேன் ஒன்பது. எந்த வாயுவானாலும், அதன் அளவு வந்ததும் வைகாண்ட் இடக்கையைக் கிள்ளுவார், அசையாது. வலக்கையைக் கிள்ளினால் அது திருப்பிக் கிள்ளும். சிரிப்பு வாயுவை மட்டும், உயிர்வாயுவுக்கு இடம் விட்டு எவ்வளவு கொடுத்தும், இடப்பாதி மயங்கவில்லை. வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அவள் கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயில் ஒவ்வொரு வாயுவையும் கலக்கிப் பார்த்தார். எண்ணெயில் அதிகம் கரைவது எதுவோ, அதுவே குறைந்த அளவில் மயக்கியது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் வயிற்றில், நட்டநடுவில், ஒரு கட்டி தெரிந்தது. இரு பாதியும் மயங்கியாக வேண்டும்.

"இந்த வலப்பக்கம் மருந்துக்கு அடங்கினதே இல்ல டாக்டர். அடங்கினா திரும்பி வருமா?"

"தெரியல அசுந்தா. அளவுக்கு மேல மூணுல ஒரு பங்கு சேத்தா பெரும்பாலும் யாரும் அசையமாட்டாங்க. அது மட்டுந்தான் தெரியும்."

"பயப்படுறீங்களே, எனக்காகவா, உங்க கணக்குக்காகவா?"

வைகாண்ட் தலைகுனிந்தார். "ரெண்டுக்கும்."

"பொய் சொல்லல, சரி. ஆரம்பிங்க."

ஹாலோதேனை நூற்றுக்கு ஒரு பங்காக ஏற்றினார். அவள் வலக்கை அவர் விரலைப் பிடித்திருந்தது. நாலாவது நிமிடம் பிடி தளர்ந்தது. கட்டி முழுசாக வெளியே வரும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை. தீங்கில்லாத கட்டி என்றார்கள். மாலையில் இரு பாதியும் ஒன்றாகவே விழித்துத் தண்ணீர் கேட்டன.

காயம் ஆறியபின் ஒரு புதன்கிழமை அவளே வந்து படுத்தாள். முக்கால் பங்கு ஹாலோதேனில் வலக்கை அசையாமல் கிடந்தது. இடக்கை அவரைக் கிள்ளியது.

"பக்கம் மாறிடுச்சு போல," என்றாள் அசுந்தா, பாதி வாயால்.

வைகாண்ட் எல்லா வாயுக்களையும் மறுபடி அளந்தார். எண்கள் அப்படியே இருந்தன. நோட்டில் இடது என்றிருந்த இடங்களில் எல்லாம் அடித்துவிட்டு வலது என்று எழுதினார். அதற்குள் ஒன்பது பக்கம் ஆகியிருந்ததால், அதற்கே மத்தியானம் வரை பிடித்தது.