கோலாலம்பூரிலை ஒருத்தருக்கு மாசம் எவ்வளவு காசு முடியும்

கோலாலம்பூரிலை ஒரு தேத்தண்ணி என்ன விலை எண்டு என்னை நித்திரையிலை எழுப்பிக் கேளுங்கோ, சொல்லுவன். ரெயினுக்கு எவ்வளவு, தலைமயிர் வெட்ட எவ்வளவு, வாழையிலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, எல்லாம் பாடம். அந்த ஊரை நான் ஒருநாளும் கண்ணாலை கண்டதில்லை. ஆனால் வாற மாசம் அங்க குடிபோறன்.

இந்தக் கோதாரியைத் துவக்கிவிட்டது பாக்கியராசா. நான் இருக்கிற வோபர்னிலை நாங்கள் பென்சன்காரர் கொஞ்சப் பேர் காலமையிலை கூடுற கோப்பிக்கடையொண்டு இருக்கு. பாக்கியராசா மட்டக்களப்பு ஆள், பஸ் ஓடி ரிட்டயர் ஆனவர். இங்கத்தைக் குளிருக்குப் பயந்து மலேசியா போய், நல்லாய்க் கறுத்து, மினுங்கிக்கொண்டு வந்து நிண்டார். "அமிர்தநாதர் அண்ணை, நீங்கள் பேஸ்மென்றுக்கு வாடகை கட்டுற காசிலை அங்க ஒரு மனுசன் ராசா மாதிரி இருக்கலாம்" எண்டார். "நீச்சல்குளத்தோடை அப்பாட்மென்ற்." எனக்கு நீச்சல் தெரியாது எண்டன். கதை அவ்வளவிலை முடிஞ்சிருக்கவேணும்.

முடியேல்லை. நான்தான் அதைக் காவிக்கொண்டு அஜக்ஸுக்குப் போனன். என்ரை மகன் டெனிஸ்டன் அங்கதான் வீடு வாங்கி இருக்கிறான். தாய், என்ரை பேர்ணடெற், கண்ணை மூடி மோசம்போனாப் பிறகு மாசத்திலை ஒரு ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவினம். மருமகள் ஷரோன் கோழிக்கறியும் புட்டும் வைச்சுத் தந்தா. நான் கோப்பையைப் பாத்துக்கொண்டு, "மலேசியாவிலை போய் இருப்பமோ எண்டு யோசிக்கிறன்" எண்டு சொன்னன்.

உண்மையைச் சொல்லுறன், எனக்கு மலேசியாவும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம். "உந்த விசர்க்கதையை விடுங்கோ அப்பா, சாமானுகளைக் கட்டிக்கொண்டு இங்க எங்களோடை வந்து இருங்கோ." இப்பிடி ஒரு சொல்லு அவன் வாயிலையிருந்து வரும் எண்டு பாத்தன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்லுத்தான்.

அவன் கையைக் கழுவிப்போட்டு வந்து போனை எடுத்தான். "வெயிற் அப்பா. திஸ் இஸ் அக்சுவலி ஸ்மார்ட்" எண்டான். கோழிக்கறி ஆறமுந்தி ஒரு அறை வீட்டு வாடகையைக் கண்டுபிடிச்சிட்டான். இங்க நான் நிலத்துக்குக் கீழை இருக்கிறதுக்குக் குடுக்கிறதிலை பாதிகூட இல்லை. ஷரோன் எட்டிப் பாத்து, "மாமா, ஜன்னலாலை முழு ஊரும் தெரியுது" எண்டா. மறிப்பினம் எண்டு பாத்திருந்தவனுக்குப் படலையைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்தநாள் பின்னேரம் போன் அடிச்சுது. டெனிஸ்டன். வேலை முடிஞ்சு 401 பெருந்தெருவிலை காருக்குள்ளை இருந்து எடுக்கிறான். இவன் எனக்குப் போன் எடுக்கிறதெண்டால் ஒரு வழமை இருக்கு. சுகமோ? ஓம். மருந்து எடுத்தனீங்களோ? ஓம். சரியப்பா. வைச்சிடுவான். அண்டைக்கு அப்பிடியில்லை. "அப்பா, கரண்ட் பில் பாத்தனான். ஏசி போட்டாத்தான் கூட வரும். நீங்கள் ஃபான் மட்டும் போட்டா ஒண்டுமில்லை." நான் ஏசி இல்லாமல் அந்த வெக்கையிலை எப்பிடிக் கிடக்கிறது எண்டன். நாளைக்குப் பாத்துச் சொல்லுறன் எண்டான். சொன்னபடி எடுத்தான்.

பிறகென்ன, எனக்கு ருசி பிடிச்சிட்டுது. ஒவ்வொருநாளும் ஒரு கேள்வி கண்டுபிடிச்சு வைச்சன். பிறஷர்க் குளிசை அங்க என்ன விலை? ஞாயிறுப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போக ரெயினோ பஸ்ஸோ? மீன் கிலோ எவ்வளவு? பாரை மீன் வருமோ? அவன் அந்த ஊர்க் காசு ரிங்கிற்றிலை சொல்லுவான், நான் டொலருக்கு மாத்திச் சொல்லுவன், பிழையெண்டு திருத்துவான். சண்டையும் பிடிச்சம். உடுப்புத் தோய்க்கிற கடைக்கு மாசம் எவ்வளவு எண்டு அரை மணித்தியாலம் வாதாடினம். ஒருநாள், "அம்மா இருந்திருந்தா அவ பேரம் பேசுற பேச்சுக்கு அங்கத்தைச் சந்தைக்காரன் கடையைப் பூட்டிப்போட்டு ஓடியிருப்பான்" எண்டான். ரெண்டு பேரும் சிரிச்சம். அவ செத்தாப் பிறகு அவவைப் பற்றி நாங்கள் சேந்து சிரிச்சது அண்டைக்குத்தான்.

ஒண்டு சொல்லவேணும். அவன் ஒவ்வொருநாளும் மார்க்கம் ரோட் எக்ஸிற்றைத் தாண்டித்தான் வீட்டை போறவன். இறங்கினா அடுத்த நிமிசமே என்ரை வாசல். இறங்கமாட்டான். இறங்கினாத் திரும்ப ஏற ட்றாஃபிக் எண்டுவான். அதுவும் மெய்தான்.

எவ்வளவு நாளைக்குத்தான் மீன் விலை கேக்கலாம்? "அப்பா, பிளேன் ரிக்கற் சேல் வெள்ளிக்கிழமையோடை முடியுது. போறியளோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ" எண்டான். இல்லையெண்டால் இந்தப் போன் அண்டையோடை நிண்டிடும், அது எனக்கு நல்லாத் தெரியும். திரும்பவும் சுகமோ, மருந்து எடுத்தனீங்களோ. ஓமெண்டால்?

அப்பத்தான் ஷரோனின்ரை தாயை யோசிச்சன். மனுசி மன்னாரிலை இருக்கிறா. ஞாயிறு தவறினாலும் அவவுக்குப் போற வீடியோ கோல் தவறாது. என்ன சாப்பிட்டனீங்கள், மழை பெய்யுதோ, கால் நோ எப்பிடி, டெனிஸ்டனும் பக்கத்திலை வந்து நிண்டு கேப்பான். நான் அந்த மேசையிலையே இருந்து புட்டுத் தின்னுறன், என்ரை கால் நோவை ஒருத்தரும் கேக்கேல்லை. கிட்ட இருந்தால் முட்டப் பகை எண்டு பழைய ஆக்கள் சொன்னவை. எங்களுக்குள்ளை பகையும் இல்லை, பகைக்கும் நேரம் வேணுமே. ஆனால் எட்ட இருக்கிற ஆளைத்தான் பிள்ளையள் தேடும். இந்த ஊரிலை அதுதான் நடைமுறை. நான் எட்டப் போனால் என்னையும் தேடுவான்.

போறன் எண்டு சொல்லிப்போட்டன்.

வீட்டை போனவுடனை ரிக்கற் எடுத்துப்போட்டு மெசேஜ் அனுப்பினான். ஒருவழி ரிக்கற், மாத்தேலாது, காசும் திரும்பத் தரமாட்டாங்கள். அதுதான் மலிவாம். முதல் மூண்டு மாசத்துக்கு விசா தேவையில்லை, மிச்சத்தை அங்க போய்ப் பாக்கலாமாம். நான் மேலை இருக்கிற வீட்டுக்காரன் நிசாந்தனிட்டைப் பேஸ்மென்றை விட்டிட்டுப் போறன் எண்டு சொன்னன். அவன் நல்ல பெடியன், கவலைப்பட்டமாதிரித்தான் நிண்டான். அடுத்தநாளே என்ரை கட்டிலைச் சுத்தி, வாடகைக்கு வரப்போற ரெண்டு மாணவர் அளந்து பாத்துக்கொண்டு நிண்டினம்.

அண்டைக்குப் பின்னேரம் போன் அடிக்கேல்லை. ட்றாஃபிக் எண்டு நினைச்சன். அடுத்தநாளும் இல்லை. போனுக்குச் சார்ஜ் இருக்கோ எண்டு பாத்தன், இருந்தது. அதுக்கடுத்த நாள் நானே எடுத்தன்.

"என்னப்பா, ஏதும் எமர்ஜென்சியோ?"

"இல்லைத் தம்பி. அங்க ஒவ்வொருநாளும் மழையாம். குடை என்ன விலை வரும்?"

"அதை அங்க போய் வாங்கலாம்தானே அப்பா. எல்லாம் பாத்து முடிஞ்சுதே." சிக்னல் லைற் டக்டக் எண்டு அடிக்கிற சத்தம் கேட்டுது. "வேறை ஏதும்?"

என்ரை வாய் அண்டைக்கு எனக்கு அடங்கேல்லை. "நான் அங்க போனாப் பிறகும் இப்பிடிப் பின்னேரத்திலை எடுப்பியோ?" எண்டு கேட்டிட்டன். என்ரை வாழ்க்கையிலை அந்தப் பிள்ளையிட்டை நான் ஒண்டும் கேட்டதில்லை. படிப்புக்கு உழைச்சனான், கலியாணத்துக்கு உழைச்சனான், கேட்டதில்லை.

அவன் கணக்குப் பாத்தான். எனக்குத் தெரியும், அவன் கணக்குப் பாக்கேக்கை நாக்காலை ஒரு சத்தம் வரும். "அப்பா, இங்க இப்ப பின்னேரம் ஆறு. அங்க விடியக்காலமை ஆறு. நேர் தலைகீழ். நீங்கள் நல்ல நித்திரையிலை இருப்பியள், உங்களைக் குழப்பக்கூடாது. நீங்கள் எழும்பி ஆறுதலா எடுக்கேக்கை நாங்கள் படுத்திடுவம். நீங்கள் படுக்கப் போகேக்கை எனக்கு வேலை." பிறகு கொஞ்சம் சந்தோசமா, "பட் வொறி பண்ணாதையுங்கோ, மெசேஜ் போடலாம்" எண்டான்.

"நான் நாலு மணிக்கே முழிச்சிடுவன் தம்பி. முழிச்சுத்தான் இருப்பன். நீ எடு."

முன்னுக்குப் போற காருக்கு ஹோர்ண் அடிச்சான். பிறகு, "ஓகே அப்பா, ட்றை பண்ணுறன்" எண்டான்.

முப்பது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன். ட்றை பண்ணுறன் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியாதோ?

"சரி தம்பி, பாத்து ஓடு" எண்டு சொல்லி, அண்டைக்கு நான்தான் முதல் வைச்சன்.