அப்சீக்வியஸ் என்றால் யார்?

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சொந்தக்காரர்கள் மானம் கப்பலேறும். வேறு யாரும் காரணமில்லை, என் மகளுடைய ஆங்கில வாத்தியார்தான் காரணம்.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக அவள் போகும் வகுப்பில் பிள்ளைகள் அவருக்கு டிக்‌ஷனரி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். கடினமான வார்த்தையை மனப்பாடம் பண்ணினால் மறுநாளே மறந்துபோகும், தெரிந்த ஆள் மேல் ஒட்டிவிட்டால் சாகும்வரை மறக்காது என்பது அவர் கட்சி. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, இந்த வார்த்தைக்கு இன்னார் என்று சொல்ல வேண்டும். அதை வீட்டிலும் ஆட ஆரம்பித்தோம்.

"பார்சிமோனியஸ்னா மகா கஞ்சம்மா" என்றாள் ஒரு நாள்.

"பெரியப்பா!" என்று நான் கத்தினேன். என் கணவரின் அண்ணன் ஒரே டீ பையை மூன்று கப்பில் முக்குகிற மனிதர். கணவர் முறைத்தார், ஆனால் மறுத்துப் பேசவில்லை.

"கேரலஸ்னா ஓயாம பேசறவங்க."

"அது உங்கம்மா" என்றார் கணவர் உடனே. ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனிதர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதில் இரண்டை இதற்காகச் செலவழித்தார். நான் கரண்டியை ஓங்கினேன், மூன்று பேரும் சிரித்தோம். என் வாய் அப்படித்தான். வீட்டில் நான் ஒரு குரல் கொடுத்தால் தெருமுனையில் கேட்கும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்புறம் அந்த வார்த்தை வந்தது. அப்சீக்வியஸ். வாயில் போட்டு உருட்டிப் பார்த்தேன், கனமாக, அழகாக இருந்தது.

"இதுக்கு யாரு?" என்று கேட்டேன்.

"இதுக்கு ஆள் இல்லம்மா. அடுத்ததுக்குப் போலாம்."

"அதெப்படி ஆள் இல்லாம போகும்? அர்த்தத்தைச் சொல்லுடி முதல்ல."

அவள் தட்டையே பார்த்தாள். "பெரியவங்ககிட்ட ரொம்ப... பணிவா இருக்கறது."

"அட, அது நான்தானே! என்னையே ஒட்டு."

"வேணாம்மா."

"ஏன் வேணாம்? கேரலஸுக்கு மட்டும் அம்மா வேணும், நல்ல வார்த்தைக்கு அம்மா வேணாமா? நல்லா இருக்குடி உன் நியாயம்!"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தேர்வு பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் ஒரு ஷோரூமில். மாடியில் டைல்ஸ், கீழே வாஷ்பேசின், கமோடு, ஷவர். பார்வைக்கு வைத்த கமோடுகளில் ஒன்றின் மூடிமேல் உட்கார்ந்துதான் என் மகள் வகுப்பு முடிந்து வந்து படிப்பாள். வேறு இடம் கிடையாது. வாடிக்கையாளர் வந்தால் எழுந்துகொள்வாள், அவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் மறுபடி உட்காருவாள்.

முதலாளியின் மனைவியைத்தான் எல்லோரும் மேடம் என்போம். கடையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளில் ஒருவருக்கு வருடா வருடம் கல்லூரிச் செலவு முழுவதையும் மேடம் ஏற்றுக்கொள்வார். யாருக்கு என்பதைப் பிள்ளையை வரவழைத்து, பேசிப் பார்த்து அவரே முடிவு செய்வார். இந்த வருடம் போட்டியில் என் மகளும், கிடங்கில் வேலை செய்கிறவரின் மகனும். மேடம் கை கொடுத்தால் அவள் கல்லூரி. கொடுக்காவிட்டால் வேன் ஓட்டுகிறவரும் டைல்ஸ் விற்கிறவளும் அவளை எங்கே அனுப்ப முடியும்?

அதனால் நான் மேடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கவனித்துக்கொண்டேன். அவர் கார் வாசலில் நிற்கும்போதே ஓடிப்போய்க் கைப்பையை வாங்கிக்கொள்வேன். அவர் உட்காரும் நாற்காலியை என் கைக்குட்டையால் துடைப்பேன். அவர் தேர்ந்தெடுத்த அந்தப் பித்தளை நிற டைல்ஸ் ஒரு பெட்டிகூட விற்கவில்லை, ஆனாலும் "உங்க கண்ணே கண்ணு மேடம்" என்பேன். பிழைக்கிற இடத்தில் இதெல்லாம் சகஜம்தானே என்று எனக்கு நானே சமாதானம் வைத்திருந்தேன்.

மகளைப் பார்க்க மேடம் நாள் குறித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முந்தின நாள் அவருக்குக் காபி கொண்டுபோனேன். "உங்களை மாதிரி ஒருத்தர் நம்ம கடையில வேற யாரும் இல்ல" என்றார், சும்மா ஒரு பேச்சுக்கு. எனக்கு அது போதாதா?

"நான் ரொம்ப அப்சீக்வியஸ் மேடம்" என்றேன்.

மேடம் கப்பைக் கீழே வைத்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். "யார் சொன்னா?"

"எம்பொண்ணுதான் மேடம்! இங்கிலீஷ்ல அவ்வளவு சூட்டிகை!"

"அப்படியா? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பார்க்கறேன்." சிரிப்பு அடங்கவேயில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மேடம் சிரித்தால் நாம் சிரிக்காமல் இருப்பதா? மகளுக்கு இடம் கிடைத்த மாதிரிதான் என்று காற்றில் நடந்து வீடு வந்தேன்.

மறுநாள் மேடத்தின் அறை. அவள் உட்கார்ந்தாள், நான் நின்றேன். மதிப்பெண்கள், என்ன படிக்க ஆசை, ஏன் என்று மேடம் கேட்டார். மகள் நிதானமாக, கோவையாகப் பதில் சொன்னாள். பாதிக்கு மேல் ஆங்கிலத்திலேயே பேசினாள். எனக்கு நெஞ்சு விரிந்தது. மேடமும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"குட். உங்கம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்குடுத்தியாமே, அப்சீக்வியஸ்னு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு உற்சாகம் கொடுக்க வேண்டும் என்று நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

"அதுக்கு என்ன அர்த்தம்? அம்மா பக்கத்துலதானே நிக்கறாங்க, தமிழ்லயே சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாது மேடம்."

"தெரியாதா? தெரியாமலா சொல்லிக்குடுத்தே?"

"ஆமா மேடம். எங்கயோ பார்த்தேன். சும்மா சொன்னேன்."

மேடத்தின் முகம் மாறியது. "தெரிஞ்ச மாதிரி காட்டிக்கறது ரொம்பத் தப்பான பழக்கம்மா. சரி, போயிட்டு வா."

எனக்கு உலகமே இருண்டது. "மேடம், சின்னப் பொண்ணு மேடம், பயந்துட்டா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க மேடம், நான் கண்டிக்கறேன்" என்று என்னென்னவோ சொன்னேன். மேடம் கிளம்ப எழுந்தார். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு கார்வரை பின்னாலேயே ஓடினேன், கார்க் கதவைத் திறந்துவிட்டேன், கண்ணாடிக்கு வெளியே குனிந்து நின்று இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டேன். திரும்பினால் என் மகள் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"அடிப்பாவி! தெரிஞ்ச வார்த்தைதானே? எனக்குச் சொன்னியே, பணிவுன்னு! அதை அங்க சொல்றதுக்கு என்ன கேடு? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

அவள் குனிந்து தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"உனக்காக எத்தனை நாள் அந்தம்மா பின்னால அலைஞ்சேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆயுசுக்கும் கவலை இல்ல. மண்ணை அள்ளிப் போட்டுட்டியேடி!"

"பணிவுக்கு வேற வார்த்தை இருக்கும்மா" என்றாள் மெதுவாக.

"என்னது?"

"அன்னிக்கு நான் உனக்குச் சரியா சொல்லல."

"அப்ப சரியா சொல்லு, கேப்போம்!"

"வேணாம்மா, விட்டுடு."

"சொல்லுடி!"

"கூழைக்கும்பிடு" என்றாள். "கூழைக்கும்பிடு போடறவங்களைத்தான் அப்படிச் சொல்லுவாங்க."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்தபோது காது மடல்கள் கொதித்தன. அந்தச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த சிரிப்பு. கூட நின்று நானும் சிரித்தேனே! மேடத்திடம் நானாகப் போய் என்னை அப்படிச் சொல்லிக்கொண்டேன். இன்று என் முன்னாலேயே என் மகள் வாயால் அதை விளக்கவைக்கப் பார்த்திருக்கிறார். இவள் வாயைத் திறந்திருந்தால் கல்லூரி கிடைத்திருக்கும். என்னைக் காப்பாற்ற அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தெரியாதவள், பொய்க்காரி என்ற பெயரோடு எழுந்து வந்திருக்கிறாள். அவளைத்தான் நான் வாசலிலிருந்து ஏசிக்கொண்டு வந்தேன்.

"வகுப்புல... இந்த வார்த்தைக்கு யாரைச் சொன்னே?" என்று கேட்டேன். குரல் எழும்பவில்லை.

"யாரையும் சொல்லல. யாரும் ஞாபகத்துக்கு வரலன்னு சொல்லிட்டேன்." பிறகு, "வேற யாரும் ஞாபகத்துக்கு வரலம்மா" என்றாள்.

சுவரோடு சுவராகப் போய்விட மாட்டோமா என்றிருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் வந்த கணவர் வாசற்படியில் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரும் விளக்கைக்கூடப் போடவில்லை. நாளைக்கே மேடத்தைப் பார்த்து, நிமிர்ந்து நின்று, என் பொண்ணுக்கு அர்த்தம் நன்றாகவே தெரியும், எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று சொல்லிவிட வேண்டும். மனதுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது.

மேடம்தான்.

"கிடங்குக்காரர் பையனுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். "உங்க பொண்ணு சும்மா வீட்டுல இருக்க வேணாம். அடுத்த மாசத்துலேர்ந்து நம்ம கடையிலேயே பில் போட வரட்டும். நல்லபடியா சொல்லிக்குடுங்க, உங்களை மாதிரியே வரணும்."

"சரிங்க மேடம்" என்றேன். "ரொம்ப நன்றி மேடம். உங்களுக்குப் பெரிய மனசு மேடம்."

கைபேசியைக் காதிலிருந்து எடுத்த பிறகுதான் தெரிந்தது, நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன், முதுகு வளைந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்திருந்த என் மகள் நான் பார்ப்பதற்கு முன்பே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள்.