ஒற்றை எழுத்துக் கட்டளை

அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் கருந்திரை. கணினியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் தவிர வேறெதையும் அவன் மதிப்பதில்லை. மவுஸ் டிராயருக்குள் கிடந்தது. தொட்டால் தீட்டு என்பது போல நடந்துகொள்வான். வீட்டுக் கணக்கையாவது விட்டு வைத்தானா? எட்டு வருஷ வரவு செலவு முழுக்க ஒரே எழுத்துக் கோப்பில், வரிக்கு வரி அவனே தட்டியது. அரைப்புள்ளி போட்டு ஆரம்பிக்கும் வரியைக் கணினி கண்டுகொள்ளாது. அது மனிதர்கள் படிக்க அவன் எழுதிவைக்கும் குறிப்பு.

"பன்னிக்குட்டி படம் போட்டு போன்ல அழகா ஒரு ஆப் இருக்கு. அதுல எழுதினா என்னவாம்?" என்பாள் தையல்கடை நடத்தும் மனைவி.

"அந்தக் கம்பெனியை மூடிட்டா கணக்கும் போச்சு. இதை நம்ம பேரன்கூடத் திறந்து படிப்பான்."

"முதல்ல பிள்ளை பிறக்கட்டும்!"

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். தெருக்கோடிப் பட்டறையை மூடுகிறார்கள். பன்னிரண்டு ஊசி எம்பிராய்டரி மெஷின், பாதி விலை. ஐந்து மணிக்கு இன்னொருவர் பணத்தோடு வருகிறார்.

"நாலு வருஷமா தேடுறேங்க. இதை விட்டா எனக்கு வேற கிடைக்காது. நம்மகிட்ட எவ்வளவு இருக்கு?"

அவன் ஒரே ஒரு எழுத்தைத் தட்டினான். வங்கி, கைப்பணம், மொத்தம். நீளமான கட்டளைக்குச் சுருக்கமாக அவனே செய்துவைத்த எழுத்து அது. அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

"ஐம்பத்தஞ்சாயிரம் குறையுதும்மா."

அவள் முகம் சுருங்கிப் போனது. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த ஒத்தை எழுத்து வித்தையெல்லாம் வேண்டாம். முழுசா அடிங்க. நம்ம சொத்து என்னென்னன்னு என் கண்ணால பார்க்கணும்."

எரிச்சலோடுதான் அடித்தான். வங்கி வந்தது, கைப்பணம் வந்தது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி வந்தது: முன்பணம், பழைய அறை, அறுபதாயிரம்.

"இது என்ன?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு முன் குடியிருந்த அறை. அறையின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். காலி செய்தும் பணம் வராததால், தினமும் அந்த வரியைப் பார்த்து வயிறு எரிந்தது. 'ஒரு மாசத்துக்கு மட்டும்' என்று அந்த ஒற்றை எழுத்துக் கட்டளையில் அது வராதபடி மறைத்து வைத்தான். ஆறு வருஷம் ஓடிவிட்டது!

உடனே டாக்டருக்கு போன் போட்டான்.

"அட்வான்ஸா? அதெல்லாம் அப்பவே கொடுத்துட்டேனே தம்பி."

அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவசரமாகக் கோப்பில் தேடி, சாவி கொடுத்த நாளின் அரைப்புள்ளி வரியை அப்படியே வாசித்தான்: "டாக்டர் சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆள் வந்ததும் பணம் தருவதாகச் சொன்னார். வலிக்கிறது என்றதும் ஒரு பல்லைச் சும்மாவே பிடுங்கிவிட்டார்."

அந்தப் பக்கம் டாக்டர் வெடித்துச் சிரித்தார். "அடடே, நீங்களா! கடைவாய்ப்பல்! நீங்க போட்ட கத்தல்ல வெளியே உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் எழுந்து ஓடிட்டாங்க! தப்பு என்மேலதான் தம்பி. இப்பவே அனுப்பறேன்."

நாலு மணி பத்துக்குப் பணம் வந்து விழுந்தது. இருவரும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஐந்துக்குக் கால்மணி இருக்கும்போது மெஷின் அவளுடையது. தெரு என்றும் பார்க்காமல் அவள் அவன் கையைப் பிடித்துக் குதித்தாள். அவனும் வெட்கமில்லாமல் கூடவே குதித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நகருங்க. இதை நான்தான் எழுதுவேன்."

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். தேதி, மெஷின், தொகை. கடைசியில் ஒரு அரைப்புள்ளி வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்: "பணத்தை ஒளிச்சு வச்சது இவர். கண்டுபிடிச்சது நான்."

"ஐயையோ, பேரன் படிப்பானே!"

"படிக்கட்டும்னுதானே எழுதுறேன்."