இலையில்தான் கலப்படம்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் முகத்துக்கு நேரே பார்க்கிற தைரியம் கிடையாது என்பது பம்புக்காரரின் முடிவு. தேயிலையைக்கூடப் பைக்குள் மூட்டை கட்டித்தான் வெந்நீரில் இறக்குகிறார்கள். அதுவும் எப்படி? செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி நூலைப் பிடித்து இரண்டு முக்கு முக்கி, குப்பையில் வீசிவிட்டு, "டீ குடிச்சேன்" என்று வாய் கூசாமல் சொல்கிறார்கள். உள்ளே இருந்தது இலையா, குடோன் கூட்டின தூசியா என்று ஒரு பயலாவது பிரித்துப் பார்த்ததுண்டா?

உதிரி இலை அப்படியில்லை. வெந்நீர் பட்டதும் சுருட்டி வைத்திருந்த கைகாலை நீட்டி, நான் இவ்வளவுதான் என்று காட்டிவிடும். மனிதர்களில் அப்படி ஒருவரை அவர் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுக்காரியை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் எல்லா நாளும் இல்லை.

ஆயுசு முழுக்க மோட்டார் பம்புகளைக் கழற்றி மாட்டினவர். படிப்பு நாலெழுத்தோடு நின்றுபோனது. சீட்டு, சினிமா, சிகரெட் எதுவும் ஒட்டவில்லை. காலையில் ஒரு தம்ளர் கறுப்பு டீ, சாயங்காலம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடப்பதற்கு வாழ்க்கை என்று பேர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த டீதான் இப்போது காலை வாரிவிட்டது. போன காய்ச்சலுக்குப் பிறகு வாயில் வைத்தால் வெறும் சூடு. மணமும் இல்லை, துவர்ப்பும் இல்லை. இலையைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். தம்ளரில் இருந்தது பழைய இன்ஜின் ஆயில் மாதிரி ஆயிற்று. வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மீதி இருந்தா குடுங்க, கதவுக்கு அடிச்சுடலாம்."

"இலையில கலப்படம். கடைக்காரன் கைவரிசை."

"இலை நல்லாத்தான் இருக்கு. உங்க மூக்குதான் போயிடுச்சு. டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

"போனா மூக்கைப் பார்ப்பான், அப்புறம் காதைப் பார்ப்பான், கடைசியில கிட்னியில வந்து நிப்பான். எனக்குத் தெரியாதா?"

முந்தாநாள் அடுப்பு அணைந்து கேஸ் வீடெல்லாம் பரவியிருந்தது. அவரோ பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஏன் கொதிக்கவில்லை என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டியை எடுத்த நேரத்தில் அவள் ஓடிவந்து பிடுங்கினாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு போட்டிருக்கலாம்.

மூக்கு போயிருந்தால் டீ போயிற்று. டீ போயிருந்தால் காலையில் எதற்கு எழுந்திருப்பது? ஆகவே தப்பு கடைக்காரனுடையதாகத்தான் இருந்தாக வேண்டும்.

தேயிலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்காரியும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

தேயிலைக் கடையில் சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். ருசி பார்க்கிறவர்களுக்காகக் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யூனிஃபார்மோடு ஒரு நர்ஸம்மா எடை போட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, தேயிலைன்னு சொல்லி மரத்தூளா விக்கிறே?"

"பெரியவரே, எத்தனை வருஷமா வாங்குறீங்க! மரத்தூளா இருந்தா இந்நேரம் உங்க வயித்துல ஒரு கட்டிலே செஞ்சிருக்கலாம்."

நர்ஸம்மா சிரித்துவிட்டாள். கடைக்காரர் அவர் கண்ணெதிரே புதுப்பெட்டி ஒன்றை உடைத்து, இலை போட்டு, கண்ணாடிக் கப்பில் வடித்து நீட்டினார்.

"அப்பா, என்ன வாசனை!" என்றாள் நர்ஸம்மா.

பம்புக்காரர் கப்புக்குள் மூக்கை விட்டார். கண்ணாடியில் ஆவி படிந்தது. அவ்வளவுதான்.

"இதுவும் டூப்ளிகேட்."

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "சரி, கண்ணை மூடிக்கிட்டு குடிங்க. ரெண்டு தினுசு தர்றேன். எது நல்ல இலை, எது மட்டம்னு நீங்களே சொல்லுங்க."

"கண்ணை மூடச் சொல்றவன் கையைத்தான் முதல்ல பார்க்கணும்."

"நான் குடுக்குறேன்" என்றாள் வீட்டுக்காரி. "என் கையால குடிப்பீங்கல்ல?"

அவள் கையால் மருந்தைக்கூடக் குடித்திருக்கிறார். கண்ணை மூடினார்.

சூடான கண்ணாடிக் கப் உள்ளங்கைக்கு வந்தது. பம்பின் மேல் காதை வைத்துக் கோளாறு கேட்கிற மாதிரி, மெதுவாக ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் நிறுத்தினார். முதலில் சூடு. பிறகு, அடிநாக்கில் எங்கேயோ லேசாக ஒரு துவர்ப்பு. ஆமாம், துவர்ப்புதான். வெளியூர் போயிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"இதான்யா இலை! திடம் கொஞ்சம் கம்மி, ஆனா மணம் இருக்கு. இதை ஏன் இத்தனை நாள் ஒளிச்சு வச்சே?"

கண்ணைத் திறந்தார். கப்பில் வெறும் வெந்நீர். அதன் வழியாக அவருடைய விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

கடைக்காரர் சுத்தமாக இருந்த மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சொன்னா நம்ப மாட்டேங்கிறீங்க" என்றாள் வீட்டுக்காரி. "முந்தாநாள் நான் வெளிய போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

நர்ஸம்மா பக்கத்தில் வந்தாள். "ஐயா, காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு இப்படி ஆகுறதுதான். சிலருக்குத் திரும்பி வந்துடும்."

"சிலருக்குன்னா? எனக்கு?"

அவள் வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

பம்புக்காரர் கப்பை மேஜையில் வைத்தார். "இந்தக் கப்பை யாரு கழுவினது? முன்னாடி குடிச்சவன் டீ ஒட்டியிருக்கும். அதான் ருசிச்சுது."

"இருக்கும் பெரியவரே" என்றார் கடைக்காரர் தணிந்த குரலில். "நான் சரியா கழுவலை."

"நீ ஏன்யா ஒத்துக்குறே? சண்டை போடுய்யா!"

கடைக்காரர் கப்பை எடுத்து இன்னொரு தரம் கழுவப் போனார்.

வீட்டுக்காரி அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் உதறினார். "உன் கையையாவது நம்பினேன்."

படியிறங்கினார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு கடை இருக்கிறது, அவனாவது ஒழுங்கான இலை விற்பான் என்று யாருக்கென்றில்லாமல் சத்தமாகச் சொன்னார். எதிரே சைக்கிளில் வந்தவன் கடைக்கு நேராகக் காலை ஊன்றி நின்று, ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்துவிட்டுப் போனான். பம்புக்காரர் நின்றார். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு தானும் நெஞ்சு விரிய இழுத்துப் பார்த்தார்.

"இந்தத் தெருவுல காத்தே சரியில்லை" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தார்.