நாலாவது டிக்

விசாரணை ரூமுல நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நான், எங்க மேனேஜர், ஆம்புலன்ஸ் கால் சென்டரோட தலைமை அதிகாரியம்மா, அப்புறம் என் தம்பி. கூடப் பிறந்த தம்பிதான். அந்த கால் சென்டர்ல சர்வரைப் பார்த்துக்கிற ஆபரேட்டர். ஆறு வருஷமா கான்ட்ராக்ட். இந்த மாசம் நிரந்தரம் ஆகியிருக்கணும். ஆர்டர் ரெடி, கையெழுத்துதான் பாக்கின்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தான். அந்த ஆர்டர் இப்ப அந்தம்மாவோட ஃபைலுக்குள்ள கையெழுத்தில்லாம கிடந்துச்சு.

என் வேலை என்னன்னு சொல்லிடறேன். இல்லாட்டி யார் மேல கோவப்படறதுன்னே உங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு உயிர்நாடி கெர்னல். அதுல ஓட்டை இருந்தா அடைக்கணும். ஆனா ஆம்புலன்ஸ் கால் வர்ற மெஷினை நிறுத்த முடியுமா? அதனால ஓட ஓடவே ஓட்டையை அடைக்கிற பேட்ச் எழுதறோம். "நிறுத்தவே வேண்டாம் மேடம், உங்களுக்கே தெரியாது"ன்னு எங்க மேனேஜர் வாய் கிழியப் பேசி இவங்க தலையில கட்டினது அதைத்தான்.

இதுல ஒரு வில்லங்கம் உண்டு. கால் எல்லாம் உள்ளே வர்ற வழி நெட்வொர்க் கார்டு. அதை ஓட்டுற டிரைவர்ங்கிற புரோகிராம் தனித் துண்டு. கழட்டலாம், மாட்டலாம். அது மெமரியில எங்க போய் உட்காரும்னு மாட்டுற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனால பேட்ச்ல அதோட முகவரி வர்ற இடத்தையெல்லாம் காலியா விட்டிருப்போம். டிரைவர் வந்து உட்கார்ந்ததும் கெர்னல் அங்கே முகவரியை நிரப்பிக்கும். டிரைவரைக் கழட்டினா, நிரப்பினதை அழிச்சிடணும். நாங்க எழுதின கோடு அதை அழிக்கல. மறுபடி மாட்டப் போனா, காலியா இருக்க வேண்டிய இடத்துல பழைய முகவரி நிக்குது. எதுக்கு வம்புன்னு கெர்னல் டிரைவரையே உள்ளே விடாது. காலி பண்ணினவன் பேர்ப்பலகையைக் கழட்டாமப் போயிட்டா, புதுசா குடி வந்தவனை வாட்ச்மேன் வாசல்லயே மடக்குவான்ல, அந்தக் கதைதான்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் டெஸ்ட் ஷீட்டுல நாலு கட்டம். டிரைவருக்கு அப்புறம் பேட்ச், பேட்சுக்கு அப்புறம் டிரைவர், பேட்சை எடுக்கிறது, கடைசியா டிரைவரைக் கழட்டித் திரும்ப மாட்டறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மெஷினை முதல்லேர்ந்து கிளப்பி ஓட்டிப் பார்க்கணும், முக்கால் மணி நேரம். மூணு கட்டம் சுத்தமா ஓடிச்சு. சாயங்காலம் அஞ்சு மணி. மேனேஜர் ரெண்டு தடவை எட்டிப் பார்த்துட்டார். ஓடற மெஷின்ல எவன் டிரைவரைக் கழட்டப் போறான்னு நாலாவதையும் டிக் பண்ணிட்டு பையைத் தூக்கினேன்.

எவன் கழட்டுவான்? என் தம்பி கழட்டுவான். அவங்க கார்டு பழசு. வாரத்துக்கு ஒரு தரம் மக்கர் பண்ணும். காலையில ஷிஃப்ட் மாறும்போது டிரைவரைக் கழட்டி மாட்டுவாங்க, பத்து செகண்ட், சரியாயிடும். ஆறு வருஷமா அதுதான் வழக்கம். சாப்பிடும்போது அவனே எங்கிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கான். பத்து தடவையாவது சொல்லியிருக்கான். எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அன்னைக்குக் காலையில போன் பண்ணினான். நான் பஸ்ஸுல ஒத்தைக் கையால கம்பியைப் பிடிச்சிட்டு நிக்கறேன்.

"அக்கா, கார்டு இழுக்குது. உங்க பேட்ச் போட்டதுக்கப்புறம் இதான் முதல் தடவை. எப்பவும் போல கழட்டி மாட்டவா?"

"டேய், இதுக்கெல்லாமாடா போன் பண்ணுவே? மாட்டு, மாட்டு."

கழட்டினான். மாட்டினான். ஏறல. மெஷினையே நிறுத்திக் கிளப்ப வேண்டியதாப் போச்சு. இருபத்தியொரு நிமிஷம் ஒரு கால் கூட உள்ளே வரல. பக்கத்து ஊர் சென்டர் எடுத்துப் பார்த்ததால யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா பதில் சொல்ல ஒரு ஆள் வேணுமே.

அதுக்குத்தான் இந்த ரூம். உள்ளே போகும்போதே மேனேஜர் என் காதுல, "நம்ம ஷீட்டுல நாலும் பாஸ். அதுக்கு மேல வாயைத் திறக்காதே"ன்னார். பேய் மாதிரி கோவம் வந்துச்சு. அவர் மேல கோவப்படறது எனக்கு வசதியா இருந்துச்சு.

அந்தம்மா தம்பியைக் கேட்டாங்க. "யார் சொல்லிக் கழட்டினீங்க?"

அவன் என்னைப் பார்க்கவே இல்ல. மேஜையைப் பார்த்து, "யாரும் சொல்லல மேடம். பழக்கதோஷம்"னான்.

அந்தம்மா என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க பேட்ச் எழுதினவங்க. சொல்லுங்க. கழட்டறதுக்கு முன்னாடி இவர் உங்க டீமைக் கேட்டிருக்கணுமா, வேண்டாமா?"

சொல்லிடுடி, சொல்லிடுன்னு உள்ளே ஒருத்தி கத்தறா. அந்த ஷீட்டு அவங்க கைக்குக் கீழேயே இருக்கு, நாலாவது டிக் என் பேனாவோட பச்சை மையில.

"கேட்டிருக்கணும்"னேன்.

கையெழுத்துப் போடாமலே ஃபைலை மூடிட்டாங்க.

மறுநாள் உட்கார்ந்து அந்தக் கோடை எழுதினேன். டிரைவர் கழன்றதும் நிரப்பின இடத்தையெல்லாம் திரும்பக் காலியாக்கற கோடு. பன்னெண்டு வரி. நாலாவது கட்டத்தை இந்தத் தடவை நிஜமாவே ஓட்டினேன், ரெண்டு தரம். பாஸ். மேனேஜர் வந்து முதுகுல தட்டிட்டுப் போனார். அந்தக் கையை ஒடிச்சுப் போடலாம்னு இருந்துச்சு. ஒண்ணும் செய்யல, தேங்க்ஸ் சார்னேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டுல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். தம்பி பொண்டாட்டி பரிமாறினா. அழுது கண்ணு வீங்கியிருந்துச்சு. அம்மாவுக்குத் தாங்கல.

"ஏண்டா, இதே வேலையில கரை கண்ட அக்காக்காரி கூடவே இருக்கா. கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு இவளைக் கேட்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

தம்பி தண்ணியைக் குடிச்சு டம்ளரைக் கீழே வெச்சான். அப்பதான், அந்த ரூமுக்கப்புறம் முதல் தடவையா, என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கேட்டிருக்கணும்மா"ன்னான்.